கோட்டும் புன்னகையும் போதாது

மாணவத் தூதர் என்றால் நன்றாகப் பேசத் தெரிந்தவர், பளிச்சென்று உடுத்தத் தெரிந்தவர், தன் கல்லூரியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத் தெரிந்தவர். அவருக்கு வேண்டியது பேச்சுப் பயிற்சி. மும்பையின் கல்லூரிகளில் இன்று ஏறக்குறைய எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். முதல்வர்கள் நினைக்கிறார்கள், பயிற்சி கொடுக்க வரும் நிபுணர்கள் நினைக்கிறார்கள், பெற்றோர்கள்கூட நினைக்கிறார்கள். இந்த நினைப்பு அடிப்படையிலேயே தவறு என்பது என் வாதம்.

எதிர்த்தரப்பை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சேர்க்கைக் காலம் போட்டிக் காலம். அரசு உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி, தனியார் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரே மாணவரைத்தான் தேடுகின்றன. வாசலுக்கு வரும் குடும்பத்தின் கண்ணில் முதலில் படுகிறவர், அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றிக்காட்டும் இரண்டாம் ஆண்டு மாணவர். பேராசிரியர் சொன்னால் நம்பாத பிள்ளை, தன் வயதொத்தவர் சொன்னால் நம்பும். ஆகவே, தெளிவாக ஆங்கிலம் பேசுகிறவரைத் தேர்ந்தெடு. மேடைக் கூச்சத்தைப் போக்கு. எந்த வழியாகச் சுற்றிக்காட்ட வேண்டும், எந்த இடத்தில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வை. ரீல்ஸ் எடுக்கக் கற்றுக்கொடு. சிக்கலான கேள்வி வந்தால் ஆபீஸுக்கு அனுப்பச் சொல். சம்பளம் எதற்கு? சான்றிதழும் அனுபவமும் கிடைக்கின்றன, பயோடேட்டாவில் ஒரு வரி கூடுகிறது. வாதம் கோர்வையாக இருக்கிறது. அதில் உண்மையும் உண்டு. வாயே திறக்காத எத்தனையோ பிள்ளைகள் இப்படி நாலு பேர் முன் நின்று பேசித்தான் தேறியிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்த வாதம் ஒரு கேள்வியைக் கேட்காமலே தாண்டிப் போகிறது: தூதர் யாருக்காக? அந்தக் கேள்வியை முன்னால் வைத்தால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிகிறது. என் மறுப்புகள் ஏழு.

1. வாசலுக்கு வருகிறவர் எல்லோருக்கும் தூதர் தேவையில்லை.

மும்பையின் வரைபடத்தைப் பாருங்கள். சென்ட்ரல் லைன் தண்டவாளத்துக்குக் கிழக்கே மாட்டுங்கா. 1887-இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ., 1933-இல் தொடங்கி இன்று ஐ.சி.டி. என்று அறியப்படும் வேதியியல் தொழில்நுட்பக் கழகம், 1937-இல் தொடங்கிய ரூயா, 1941-இல் தொடங்கிய போதார் எல்லாம் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. சற்று வடக்கே சயானில் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரி. இன்னும் கிழக்கே செம்பூரில் விவேகானந்த் கல்வி நிறுவனங்கள், அதைத் தாண்டி தேவ்னாரில் டாடா சமூக அறிவியல் கழகம். தண்டவாளத்துக்கு மேற்கே தாராவி. தொண்ணூறடி ரோட்டிலிருந்து கிளம்பினால் இவற்றில் பாதிக் கல்லூரிகளுக்கு நடந்தே போய்விடலாம்.

இரண்டு பக்கமும் தமிழர்கள் இருக்கிறார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறியவர்கள் பெரும்பாலும் குமாஸ்தாக்களாக, கணக்கர்களாக, அரசு அதிகாரிகளாக வந்தவர்கள். 1932-இல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பிறகு கல்லூரியும் அமைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு மாமா ரூயாவில் படித்தவர், சித்தி எஸ்.ஐ.இ.எஸ்.ஸில் படித்தவர், அத்தை மகன் வி.ஜே.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருக்கிறவர். எந்தப் படிப்பு, எந்தத் தேதி, எந்தப் படிவம் என்பதெல்லாம் சாப்பாட்டு வேளையிலேயே காதில் விழுந்துவிடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் தாராவிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைக்கு அப்படி யாரும் கிடையாது. பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதிக்கிற முதல் ஆள் அந்தப் பிள்ளைதான்.

இவர்கள் இருவரில் தூதர் யாருக்குத் தேவை? பதில் வெளிப்படை. ஆனால் இன்றைய பயிற்சி யாரை மனதில் வைத்து நடக்கிறது? ஏற்கெனவே எல்லாம் தெரிந்த முதல் பிள்ளையை அசத்துவதற்காக. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என்று எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் வரும் வாசலில், ஆங்கிலம் ஒன்றை மட்டும் தகுதியாக வைத்துத் தூதரைத் தேர்ந்தெடுப்பது, வருகிறவர்களில் பாதிப் பேரைப் பார்க்கவே இல்லை என்பதற்குச் சமம்.

2. வருகிறவர் கேட்பது வேறு, தூதருக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு.

ஒரு கல்லூரியின் அறிமுக நாளில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். தாராவியிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் மடித்து மடித்து ஓரம் நைந்துபோன காகிதங்கள். தூதராக நின்ற பையனும் தமிழ்ப் பையன்தான். அவன் தமிழில் பேசியதும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி, எங்ககிட்ட ஊர்ல எடுத்த சாதி சர்டிபிகேட்தான் இருக்கு. தாசில்தார் குடுத்தது. அது இங்க செல்லுமா? ஃபீஸ முழுசா கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கணுமா, இல்ல முதல்லயே கொறைச்சிருவாங்களா?" என்று கேட்டார். பையன் சிரித்த முகத்தோடு, "ஆன்ட்டி, அதெல்லாம் வெப்சைட்ல போட்டிருக்கு. வாங்க, லைப்ரரிய காட்டறேன்" என்றான். நூலகத்தைக் காட்டினான். ஏ.சி. அரங்கத்தைக் காட்டினான். கவர் கடைசிவரை பிரிக்கப்படவே இல்லை.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுத்ததை அவன் அப்படியே செய்தான். கோபம், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல். ஏனென்றால் அந்த அம்மாவின் முதல் கேள்வி, மும்பைத் தமிழர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கேள்வி. அதற்குப் பதிலும் உண்டு.

மகாராஷ்டிராவில் இடம்பெயர்ந்து வந்தவர்களின் சாதிச் சான்றிதழுக்கு ஒரு தேதிக் கணக்கு இருக்கிறது. பட்டியல் சாதியினர் என்றால், குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன் மகாராஷ்டிராவில் வசித்ததற்கு ஆதாரம் வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் என்றால் 1967 அக்டோபர் 13. மாநிலத்தின் 2000-ஆம் ஆண்டு சாதிச் சான்றிதழ்ச் சட்டத்தின் கீழ் சரிபார்ப்புக் குழு வேறு இருக்கிறது; 'வேலிடிட்டி' என்று மாணவர்கள் அலைவது அதற்காகத்தான். தேதிக்குப் பிறகு வந்த குடும்பமானால், தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழை வைத்து இங்கேயும் ஒரு சான்றிதழ் பெறலாம். ஆனால் அது மாநில ஒதுக்கீட்டுக்கு உதவாது. மத்திய அரசின் நிறுவனங்களில் மட்டும் பயன்படும். சுருங்கச் சொன்னால், பவாயில் ஐ.ஐ.டி.யில் ஏற்கப்படும் காகிதம் மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ.யில் ஏற்கப்படாது.

இது என் சொந்த வியாக்கியானம் அல்ல. பரேலில் உள்ள சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட ஒரு மாணவரின் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆந்திராவிலிருந்து வந்த பழங்குடிக் குடும்பம். ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அந்தச் சலுகை கூடவே வராது என்றது நீதிமன்றம். மகாராஷ்டிரா சான்றிதழ்கள் பற்றிய இன்னொரு வழக்கில் 1994-இல் அதையே உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பு நியாயமா என்று வேறொரு நாள் சண்டை போடலாம். ஆனால் தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், அதே ஊரின் கல்லூரி வாசலில் நிற்கும் தூதருக்கு அது தெரியாது என்றால், அவர் பெற்ற பயிற்சிக்கு என்ன பெயர்?

தாராவிக்காரர்களுக்குத் தேதி புதிதல்ல. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் அங்கேயே இலவச வீடு வேண்டுமானால் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். வீட்டுக்கு ஒரு தேதி, படிப்புக்கு ஒரு தேதி. தாத்தாவின் பழைய ரேஷன் கார்டோ, பெரியப்பாவின் பள்ளிச் சான்றிதழோ ஒரு பெண்ணின் நாலு வருடப் படிப்பைத் தீர்மானிக்கிற ஊரில், தூதருக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம் ஏ.சி. அரங்கத்தில் எத்தனை நாற்காலி என்பதா?

இரண்டாவது கேள்வி கட்டணம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2024-25 முதல், ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களின் பெண்களுக்குத் தொழிற்படிப்புகளில் கட்டண விலக்கை மகாராஷ்டிர அரசு விரிவாக்கியிருக்கிறது. விண்ணப்பம் மாநில அரசின் மகாடிபிடி இணையதளத்தில் போட வேண்டும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இணைக்காத ஒரே காரணத்தால் வர வேண்டிய பணம் வராமல் நிற்கும். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிவிடலாம். ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம். அந்தப் பிற்பகல்தான் பயிற்சி அட்டவணையில் இல்லை.

3. எப்போதும் நல்லதையே பேசு என்கிற விதி, தூதரின் ஒரே மதிப்பை அழிக்கிறது.

மாணவர் சொன்னால் மாணவர் நம்புவார் என்பதுதானே எதிர்த்தரப்பின் ஆதார வாதம்? ஏன் நம்புகிறார்? விற்க வந்தவர் அல்ல என்பதால். அவர் வாயில் விற்பனை வாசகத்தைத் திணித்த அந்த நிமிடமே நம்பிக்கைக்கான காரணம் போய்விட்டது. அதன் பிறகு அவர் சொல்வதற்கும் வாசலில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் சொல்வதற்கும் வித்தியாசம் இல்லை. பேனருக்காவது சாப்பாடு போட வேண்டாம்.

நேர்மையாகப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று பேனரில் போட்டிருக்கிறது. எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, நடுவில் இருக்கிற மாணவருக்கு என்ன சம்பளம்? இந்த நாலு எண்களையும் சொல்லத் தெரிந்த தூதரைப் பார்த்தால் குடும்பத்துக்கு நம்பிக்கை வருமா, வராதா?

சேர்ந்தபின் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதும் அப்படித்தான். 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அறிவித்த விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், ஐந்து சதவீதத்துக்கு மிகாமல், அதுவும் அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அதன் பிறகு 90, 80, 50 என்று படிப்படியாகக் குறையும். கடைசித் தேதி முடிந்து முப்பது நாள் தாண்டினால் ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. நாடகத்துக்குப் போல ஒத்திகை பார்க்கும் எந்தத் தூதராவது இதைச் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? வட்டிக்கு வாங்கிக் கட்டணம் கட்டுகிற குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான தகவல் எது?

இன்னும் கனமான கேள்வி ஒன்று உண்டு. 2019 மே மாதம், இதே மும்பையில் டோப்பிவாலா தேசிய மருத்துவக் கல்லூரியின் முதுநிலை மாணவி, பழங்குடிச் சமூகத்திலிருந்து வந்த டாக்டர் பாயல் தட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியைச் சொல்லித் துன்புறுத்தினார்கள் என்பது அவருடைய குடும்பத்தின் குற்றச்சாட்டு. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2012 விதிகளில் சொல்லியிருந்தது. "இங்கே யாராவது சாதி பார்ப்பாங்களா? பார்த்தா யார்கிட்ட சொல்றது?" என்று ஒரு பெண் தூதரிடம் தாழ்ந்த குரலில் கேட்டால், "எங்க கேம்பஸ் ஒரே குடும்பம் மாதிரி" என்று சிரிப்பது பதிலே அல்ல. அந்த அலுவலரின் அறை எங்கே என்று காட்டுவதுதான் பதில்.

4. 'எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறது' என்பது பொய்யல்ல, ஆனால் பயனில்லாத உண்மை.

வெப்சைட்டில் விதி இருக்கும். எந்த விதி எனக்குப் பொருந்தும் என்பது இருக்காது. மராத்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ள ஐம்பது பக்கக் கையேட்டை, வீட்டில் எல்லோருக்கும் பொதுவான ஒரே போனில் விரித்துப் படிக்கிற பிள்ளைக்குத் தேவை இன்னொரு கையேடு அல்ல. 'உனக்கு இது பொருந்தும், அது பொருந்தாது, இந்த வாரத்துக்குள் இதைச் செய்' என்று சொல்லும் ஒரு ஆள்.

இதற்கு மும்பையிலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1907-இல் அம்பேத்கர் மெட்ரிக் தேறினார். அதைப் பாராட்டி நடந்த கூட்டத்தில் கிருஷ்ணாஜி கேளுஸ்கர் என்கிற ஆசிரியர், தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். கேளுஸ்கர் அதோடு நிற்கவில்லை. மேற்கொண்டு படிக்க வைக்கக் குடும்பத்திடம் பணம் இல்லாமல் போனபோது, பரோடா மன்னர் சயாஜிராவின் உதவி கிடைக்க வழிசெய்தார். மாதம் 25 ரூபாய். அதை வைத்துத்தான் அம்பேத்கர் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912-இல் பி.ஏ. முடித்தார். உதவித்தொகை எங்கோ இருந்தது. தகுதியான மாணவர் பரேலின் சால் குடியிருப்பில் இருந்தார். இருவருக்கும் நடுவில் விவரம் தெரிந்த ஒருவர் நின்றார். அந்த ஒருவர் இல்லாதிருந்தால்? கேளுஸ்கர் எந்தக் கல்லூரிக்கும் விளம்பரம் செய்யவில்லை. மாணவத் தூதர் பயிற்சிக்கு முன்மாதிரி தேடுகிறவர்கள் அவரிடமிருந்து தொடங்கலாம்.

5. சம்பளமில்லாத பதவி, ஏழை மாணவரைச் சத்தமில்லாமல் வெளியே நிறுத்துகிறது.

அனுபவமே ஊதியம் என்று சொல்வது கேட்க அழகாக இருக்கிறது. யாரால் அந்த ஊதியத்தில் வாழ முடியும்? கல்லூரி முடிந்ததும் செம்பூரில் டியூஷன் எடுத்தோ, மாமாவின் கடையில் உட்கார்ந்தோ, தாராவியில் தைத்த பைகளுக்குக் கணக்கெழுதியோ சம்பாதிக்கிற மாணவரால் மாலையில் நின்று வளாகத்தைச் சுற்றிக்காட்ட முடியாது. ஆகவே அவர் விண்ணப்பிப்பதே இல்லை. விண்ணப்பித்தவர்களிலிருந்து தேர்ந்தெடுத்தோம், பாரபட்சம் இல்லை என்று கல்லூரி சொல்லும். கேள்வியே கேட்காமல் வடிகட்டுகிற வடிகட்டி அது. கடைசியில், கட்டணத்துக்குத் திண்டாடுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரே தூதர் வரிசையிலேயே இருக்க மாட்டார்.

கல்லூரிகள் காப்பியடிக்கிற மூலத்தையாவது முழுசாகக் காப்பியடிக்கலாம். இங்கிலாந்தில் மாணவத் தூதர் வேலைக்கு மணிக்கணக்கில் கூலி கொடுப்பது வழக்கம். அங்கே 2004 முதல் 2011 வரை நடந்த எய்ம்ஹையர் திட்டத்தில், பல்கலைக்கழகம் போகும் பழக்கமே இல்லாத வட்டாரப் பள்ளிகளுக்குத் தூதர்களை அனுப்பினார்கள். நாம் அங்கிருந்து டி-ஷர்ட்டை எடுத்துக்கொண்டோம். கூலியையும் நோக்கத்தையும் விட்டுவிட்டோம்.

வெளிநாட்டு வழக்கம் நமக்கெதற்கு என்பவர்களுக்கு மகாராஷ்டிராவின் வழக்கத்தையே காட்டுகிறேன். 1919-இல் ரயத் கல்வி நிறுவனத்தைத் தொடங்கிய கர்மவீர் பாவுராவ் பாட்டீல், மாணவர்கள் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டே படிக்கும் முறையை நிலைநாட்டினார். 'கமவா ஆணி ஷிகா' என்று இன்றும் அதை எல்லோரும் சொல்கிறார்கள். 1946-இல் அம்பேத்கர் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிற மாணவர்களை நினைத்துக் காலை வகுப்புகள் வைத்தார்கள். ஏழை மாணவரின் நேரத்துக்கு விலை உண்டு என்று இந்த மண் நூறு வருடங்களுக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் உழைக்கிற மாணவருக்கு மதிப்பெண் சலுகையாவது உண்டு. தூதருக்கு ஒரு இ-சான்றிதழ்.

6. தூது ஒரே பக்கமாகப் போகிறது.

2023-இல் யு.ஜி.சி. 'சாரதி' என்ற பெயரில் மாணவத் தூதர் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. புதிய கல்விக் கொள்கையைச் சக மாணவர்களிடம் எடுத்துச்செல்ல, ஒவ்வொரு நிறுவனமும் மூன்று மாணவர்கள் வரை பரிந்துரைக்கலாம் என்றது. மாணவர்களின் கருத்தைத் திரும்பக் கொண்டுவருவதும் நோக்கம் என்று சொன்னது. நோக்கத்தின் இரண்டாம் பாதி நல்லது. ஆனால் கொள்கையைப் பரப்புகிறவராகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சான்றிதழும் கொடுத்துவிட்டு, அதன் குறைகளை அவரே வந்து சொல்வார் என்று எதிர்பார்ப்பது எப்படி?

கல்லூரி அளவிலும் இதே கதைதான். ஒரு சேர்க்கைக் காலத்தில் தூதர்கள் நூற்றுக்கணக்கான குடும்பங்களோடு பேசுகிறார்கள். என்ன கேட்டார்கள், எதைக் கேட்டதும் முகம் சுருங்கிற்று, எந்தக் காகிதம் இல்லாமல் திரும்பிப் போனார்கள் என்பதெல்லாம் வேறு யாருக்கும் தெரியாத செய்தி. அதை ஒரு நோட்டில் எழுதி முதல்வர் மேசைக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு எத்தனை கல்லூரிகளில் இருக்கிறது? விளம்பரத்துக்குத் தூதர் வேண்டும், விவரத்துக்கு வேண்டாம் என்றால், கல்லூரி தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்றுதான் அர்த்தம்.

7. தன்னம்பிக்கை வளர்கிறது என்பது வட்டத்துக்குள் சுற்றும் வாதம்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதமாக இதைத்தான் முன்வைக்கிறார்கள், ஆகவே கடைசிக்கு வைத்தேன். தேர்வு எப்படி நடக்கிறது? ஒரு குழு முன்னால் நின்று இரண்டு நிமிடம் தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும். திக்காமல் பேசியவர் உள்ளே, தயங்கியவர் வெளியே. அதாவது, தன்னம்பிக்கை ஏற்கெனவே இருப்பவரைப் பொறுக்கி எடுத்து, அவருக்குத் தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுத்து, கடைசியில் பாருங்கள் எவ்வளவு தன்னம்பிக்கை என்று கைதட்டுகிறோம். தயங்கியவர் தயங்கியபடியே வீட்டுக்குப் போய்விட்டார்.

தன்னம்பிக்கை குரலில் இல்லை, விஷயத்தில் இருக்கிறது. செம்பூரின் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வருமானச் சான்றிதழ் வாங்கி, இரண்டு முறை திருப்பியனுப்பப்பட்டு, மூன்றாம் முறை உதவித்தொகை பெற்ற ஒரு பெண்ணிடம் அந்த வழியைக் கேட்டுப் பாருங்கள். ஆங்கில மேடையில் வாயடைத்து நின்ற அதே பெண், எந்த ஜன்னல், எந்த நகல், எந்தக் கையெழுத்து என்று படபடவென்று சொல்வாள். தூதருக்கு வேண்டிய தகுதி அவளிடம் இருக்கிறது. தேர்வுக் குழுவிடம்தான் அதைக் கண்டுபிடிக்கும் கண் இல்லை.

இப்போது எதிர்வாதம். இவ்வளவையும் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் கட்டலாமா, தவறாகச் சொல்லிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பயிற்சி என்பதே அதற்குத்தான். தூதர் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், சான்றிதழ் செல்லுபடியாகுமா என்று முடிவு செய்ய வேண்டாம். இந்தக் கேள்விக்கு இரண்டு தேதிகள் இருக்கின்றன, உங்கள் குடும்பம் எப்போது வந்தது என்று பாருங்கள், இந்தக் காகிதங்களைத் தேடுங்கள், இந்த அறையில் இந்த நேரத்தில் இந்த அலுவலரைப் பாருங்கள் என்று சொன்னால் போதும். எது தனக்குத் தெரியும், எது தெரியாது என்ற எல்லையைக் கற்றுக்கொடுப்பதும் பயிற்சிதான். 'ஆபீஸில் கேளுங்கள்' என்பதற்கும், பெயரும் அறையும் நேரமும் சொல்லி அனுப்புவதற்கும் உள்ள தூரம் பெரிது. முதலாவது கைகழுவல். இரண்டாவது உதவி.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுப்போடு நிறுத்திக்கொள்வது சுலபம்.

முதல் நாள் முழுக்கக் காகிதம்: சாதிச் சான்றிதழ், வேலிடிட்டி, வருமானச் சான்றிதழ், டொமிசைல், நான்-கிரீமி லேயர். ஒவ்வொன்றும் எங்கே கிடைக்கும், எத்தனை நாளாகும், எது இல்லாவிட்டால் எது தடைபடும். உண்மையான படிவங்களை நிரப்பிப் பழக வேண்டும். சொல்லிக்கொடுக்க வேண்டியவர் வெளியிலிருந்து வரும் பர்சனாலிட்டி நிபுணர் அல்ல. கல்லூரியிலேயே இருபது வருடமாக ஸ்காலர்ஷிப் மேசையில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா. அவருக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட அச்சில் இல்லை.

இரண்டாம் நாள் பணம்: மொத்தக் கட்டணம், மறைந்திருக்கும் கட்டணம், உதவித்தொகைகள், திருப்பித் தரும் விதிகள், மொழிச் சிறுபான்மை இடங்கள். மூன்றாம் நாள் நடத்தை: வரிசையில் நிற்கிறவரிடம் எல்லோர் முன்னிலையிலும் சாதியைக் கேட்கக் கூடாது, ஒருவருடைய காகிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது, பிள்ளையிடம் பேசும்போது அம்மாவை ஓரங்கட்டக் கூடாது, இந்தப் படிப்பு உனக்கு வேண்டாம், பக்கத்துக் கல்லூரியில் உனக்கேற்றது இருக்கிறது என்று சொல்லத் துணிய வேண்டும். அப்படிச் சொன்ன தூதரைக் கல்லூரி தண்டிக்காது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். நான்காம் நாள் வெளியே போக வேண்டும். கல்லூரி வாசலில் காத்திருக்காமல் தாராவியின் பள்ளிகளுக்கு, பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன்பே, மாலையில், பெற்றோர் வேலை முடிந்து வந்த பிறகு. மராத்தி, இந்தி, உருது, தமிழ் பேசுகிறவர்கள் குழுவில் இருக்க வேண்டும்.

பேச்சுப் பயிற்சி? தாராளமாகக் கொடுங்கள், ஐந்தாம் நாள் பிற்பகலில். அதற்குள் அவர்களுக்குப் பேச விஷயம் சேர்ந்திருக்கும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்விதான் மிச்சம். சேர்க்கைக் காலத்தில் ஃபிளெக்ஸ், செய்தித்தாள் விளம்பரம், ரீல்ஸ் எடுக்க வாடகைக் கேமரா என்று போகும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினால் இருபது தூதர்களுக்கு மணிக்கணக்கில் கூலி கொடுத்துவிடலாம். மனம் இல்லாததைப் பணம் இல்லாததாகச் சொல்ல வேண்டாம். மும்பைத் தமிழ் அமைப்புகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். ஐம்பத்தைந்து சதவீதம் வாங்கிய பிள்ளை எந்தக் கல்லூரியில் எந்தக் காகிதத்தோடு போய் நின்றது, திரும்பி வந்ததா என்று நாம் கேட்பதில்லை. கல்லூரிகளைக் குறைசொல்லும் தகுதி நமக்கு வர வேண்டுமானால், இந்தக் கணக்கை அடுத்த ஜூனுக்குள் தொடங்க வேண்டும்.